வலப்பக்கக் குறிப்புகள்

ஆடியில் தொடங்கி மேற்கேயிருந்து வீசிக்கொண்டிருக்கும் காற்று புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் நின்றுபோகும். இரண்டு மூன்று நாள் இலை அசையாது, உடம்பெல்லாம் புழுங்கும். பிறகு வடகிழக்கிலிருந்து ஈரம் கலந்த காற்று வரும். அது வந்துவிட்டால் கச்சிராயபாளையத்தில் எல்லாரும் மலையைப் பார்ப்பார்கள். கல்வராயனில் மழை இறங்குகிறதா, கல்படை ஆற்றிலும் பொட்டியம் ஆற்றிலும் செந்தண்ணீர் வருகிறதா, அணை எத்தனை அடி ஏறியிருக்கிறது என்பதுதான் டீக்கடைப் பேச்சு. என் மாமா மட்டும் அந்த நாட்களில் வடக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் கோமுகி அணையில் லஸ்கர். பொதுப்பணித் துறையில் கடைசிப் படியில் இருக்கிற வேலை. காலை ஆறு மணிக்குக் கரைமேல் நடந்துபோய், அளவுகோலில் தண்ணீர் எந்த அடியில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஷட்டருக்குக் கிரீஸ் போட வேண்டும். கரையில் எலி வளையோ நண்டு வளையோ கண்ணில் பட்டால் மேலே சொல்ல வேண்டும். ராத்திரி வெள்ளம் வந்தால் லாந்தரோடு கரையிலேயே கிடக்க வேண்டும். 46 அடி அணை அது. நிரம்பினால் 560 மில்லியன் கன அடி பிடிக்கும். சாத்தனூர் அணையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது ஒரு பெரிய ஏரி, அவ்வளவுதான். ஆனால் அறுபதுகளின் நடுவில் அணை கட்டி முடிந்த பிறகு எங்கள் பக்கத்துக் கழனிகளின் முகமே மாறியது என்று என் ஆயா சொல்லும். அதோடு சேர்ந்து வானத்திலும் ஏதோ மாறியது. அதைக் கவனித்துவைத்தவர் மாமா.

அலுவலக ரிஜிஸ்டர் போக அவரிடம் சொந்தமாக ஒரு நீளவாக்கு நோட்டு இருந்தது. இடப்பக்கத்தில் தேதி, தண்ணீர் மட்டம், மழை. வலப்பக்கத்தில் அன்றைக்குப் பார்த்த பறவை. எதுவும் புதிதாக வராத நாளில் வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். வைகாசி, ஆனி மாதங்களில் பக்கம் பக்கமாக வெள்ளையாகக் கிடக்கும். ஆவணி பிறந்ததும் ஒரு பெயர், இரண்டு பெயர் என்று விழ ஆரம்பித்து, கார்த்திகையில் இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாகவும் எழுதியிருப்பார். அந்த நோட்டுகள் இப்போது இல்லை. அவர் போன பிறகு வீடு மாற்றியபோது பழைய காகிதத்தோடு போய்விட்டன. நான் எழுதுவதெல்லாம் நினைவிலிருந்து.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் சைக்கிள் முன்கம்பியில் என்னை உட்காரவைத்துக் கூட்டிப்போவார். அணைக்கட்டின் முன்பக்கம் ஆழம். அங்கே நீர்க்காகங்களைத் தவிர பெரிதாக எதுவும் இருக்காது. பறவை பார்க்க வேண்டுமானால் நீர்ப்பிடிப்பின் பின்பக்கம் போக வேண்டும், ஆறுகள் வந்து சேரும் இடத்துக்கு. அங்கே தண்ணீர் முழங்கால் அளவுதான். மட்டம் ஓர் அடி இறங்கினால் ஏக்கர் கணக்கில் சேறு வெளியே வரும். அந்தச் சேற்றில்தான் உயிர் இருக்கிறது, மேலே தெரிகிற தண்ணீரில் இல்லை என்று மாமா சொல்வார். புழுவும் நத்தையும் பூச்சியும் தேடி நீளமூக்குக் குருவிகள் வந்து இறங்குவது அங்கேதான். அளவுகோலில் எத்தனை அடி நின்றால் பின்பக்கத்தில் எவ்வளவு சேறு தெரியும் என்பது அவருக்கு மனப்பாடம். நோட்டின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் இணைத்துப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

வரிசை ஒன்று உண்டு. முதலில் வருவது சோளக்குருவி. ஆவணியிலேயே வந்துவிடும். மைனா அளவு, கறுப்புத் தலை, வெளிறிய ரோஜா நிற உடம்பு. சூறைக்குருவி என்றும் சொல்வார்கள். அது குஞ்சு பொரிப்பது கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில். அங்கே வெட்டுக்கிளி பெருகும் காலத்தில் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டி, குஞ்சு பறக்கக் கற்றதும் தெற்கே கிளம்பிவிடும். எங்கள் பக்கம் அப்போது மானாவாரியில் கம்பும் சோளமும் நின்றன. கதிரில் பால் பிடிக்கும் நேரம் கூட்டமாக வந்து விழும். பரண்மேல் கவணோடு உட்கார்ந்திருக்கும் பையன்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். மாமா மட்டும் கழனிக்காரர்களிடம் வாதாடுவார். அது கதிரைத் தின்கிறது என்பது நிஜம், ஆனால் அதே வயிற்றுக்குள் எத்தனை வெட்டுக்கிளி போகிறது என்று பார்த்தீர்களா என்பார். யாரும் ஒப்புக்கொண்டதாக நினைவில்லை. சாயங்காலம் அவை ஆயிரக்கணக்கில் சேர்ந்து சுழன்று சுழன்று புளியமரத்தில் இறங்கும்போது, பகல் முழுக்க விரட்டியவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

அடுத்தது வாலாட்டி. அது வந்த செய்தி மலையிலிருந்துதான் வரும். சந்தைக்குக் கடுக்காயும் புளியும் தேனும் சுமந்துகொண்டு மலைவாழ் பழங்குடிகளான மலையாளிகள் இறங்கி வருவார்கள். 1976-இல் ஜாகிர்தாரர் ஆட்சி முடிந்து கல்வராயன் அரசாங்கத்தின் கைக்கு வந்த பிறகும் பல காலம் அவர்களுக்குக் கால்நடைதான் வழி. அவர்களில் ஒரு பெரியவர் மாமாவுக்குப் பழக்கம். மூட்டையை இறக்கிவைத்ததும் முதல் பேச்சு அதுதான்: “மேல ஓடையில மஞ்ச வயித்துக்காரன் வந்துட்டான் சாமி. வாலு ஒரு எடத்துல நிக்கல.” கரும்சாம்பல் வாலாட்டி இமயத்துக்கும் அதற்கு அப்பாலும் உள்ள ஓடைகளிலிருந்து வருவது, முதலில் மலை ஓடைகளில்தான் தங்கும். அந்தப் பெரியவர் சொன்ன அன்றைக்கே மாமா நோட்டில் எழுதிவிடுவார், பக்கத்தில் ‘மலைச்செய்தி’ என்று ஒரு குறிப்போடு. தான் பார்க்காததைத் தான் பார்த்ததாக அவர் எழுதியதே இல்லை.

புரட்டாசியில் கரண்ட் கம்பி முழுக்கத் தகைவிலான். சேடை ஓட்டுகிற கழனிகளில் உள்ளான். கரம்பு நிலத்தின்மேல், ஓர் ஆள் உயரத்துக்கும் கீழே, சிறகை லேசாக மேலே தூக்கிப் பிடித்தபடி மிதந்துபோகும் பூனைப்பருந்து. இதெல்லாம் வேகமாகச் சொல்லிவிடலாம். ஆண்டுதோறும் தவறாமல் நடந்தவை. நான் நிறுத்திச் சொல்ல வேண்டியது ஆறுமணிக்குருவியைப் பற்றி.

ஐப்பசியில் முதல் அடைமழை பிடித்த ராத்திரி. மாட்டுக்கொட்டகையில் அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பசு ஒன்று கன்று போடுகிற நேரம், ஆயா விழித்திருந்தது. மழைக்குள்ளிருந்து ஏதோ வந்து தட்டியில் மோதி விழுந்தது. ஆயா என்னை எழுப்பிக் காட்டியபோது அது முந்தானைக்குள் இருந்தது. மைனாவைவிடச் சின்னது, வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். முதுகு பச்சை. தோளில் விளக்கு வெளிச்சம் பட்ட இடத்தில் ஒரு நீலம், அப்படி ஒரு நீலத்தை நான் அதற்கு முன் எந்த உயிரிடத்திலும் பார்த்ததில்லை. கண் மேல் கறுப்புப் பட்டை, அதற்கு மேல் வெள்ளைக் கோடு, வயிறு சந்தன மஞ்சள், வாலடியில் குங்குமம். கண்ணை மூடி மூடித் திறந்தது. நெஞ்சு மட்டும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

“உசுரு இருக்குடா. அடிபடல. பறந்து பறந்து ஓஞ்சு போயிருக்கு” என்றது ஆயா. நாற்றுக்கூடையைக் கவிழ்த்து, கீழே வைக்கோல் போட்டு, உள்ளே விட்டது. பூனை வராமல் ராத்திரி முழுக்கக் காவல். விடிந்ததும் மாமா வந்தார். கூடையை ஓர் ஓரமாகத் தூக்கிப் பார்த்தார்; குருவியைக் கையால் தொடவில்லை. கூடையோடு எடுத்துப்போய் வேலி ஓரத்தில் வைத்துத் திறந்தார். அது பறக்கவில்லை. இரண்டு தத்து தத்தி, கிளுவைக்கும் நொச்சிக்கும் அடியில் சருகுக்குள் நுழைந்தது. அலகால் ஒரு சருகைப் புரட்டியது. ஒரு பூச்சியைத் தூக்கியது.

“மாப்ள, இனிமே அத யாரும் ஒண்ணும் பண்ண வேணாம். அது பொழச்சுக்கும்” என்றார் மாமா.

அந்த மழைக்காலம் முழுக்க அது எங்கள் வேலியில் இருந்தது. காலையிலும் சாயங்காலமும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை ஒன்று கேட்கும். ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். ஆயா அதைக் கேட்டுத்தான் விளக்கேற்றியது. பங்குனி பிறந்து கொஞ்சநாளில் சத்தம் நின்றது.

அந்தக் குருவியின் கதை எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் முழுதாகத் தெரிந்தது. இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழையோடு சேர்த்துக் கூடு கட்டி, குஞ்சுகளை வளர்த்துவிட்டு, தெற்கே தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இலங்கைக்கும் வருகிறது. வருவது ராத்திரியில். வலசை போகும் சிறு பறவைகள் பலவும் அப்படித்தான். பகலில் வல்லூறுக்குப் பயம், இரவில் காற்று குளிர்ந்து நிதானமாக இருக்கும், பகலெல்லாம் இரை தேடிக்கொள்ளலாம். மழையும் மூட்டமும் வழியை மறைக்கும் இரவுகளில் வெளிச்சத்தைப் பார்த்து இறங்கிவிடும். ஐப்பசியில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளிலும் மொட்டைமாடிகளிலும் பள்ளிக்கூட வராந்தாக்களிலும் அப்படி ஓய்ந்துபோன ஆறுமணிக்குருவியை யாராவது கண்டெடுக்கிறார்கள். காக்கை கொத்துவதற்கு முன்னால் அதை ஒரு நிழலான புதருக்குள் விட்டுவிட்டால் போதும். ஆயாவும் மாமாவும் எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்தது அதுதான்.

எப்போதும் வருவதை மாமா எழுதிவைத்தார். வராத ஒன்றுக்காகக் காத்துக்கொண்டும் இருந்தார். அது வரித்தலை வாத்து.

வனத்துறையில் வேலை பார்த்த ஒருவர் அவரிடம் ஒருமுறை சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூலைக் காட்டினார். 1941-இல் முதலில் வந்து, பதிப்பு மேல் பதிப்பாக ஓடிக்கொண்டிருந்த நூல். மாமாவுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுதான். படங்களைப் பார்த்துக்கொண்டே போனார். இது நம்மகிட்ட வர்றது, இதுவும் வர்றது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு படத்தில் நின்றுவிட்டார். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்பு வரி. திபெத்திலும் மங்கோலியாவிலும் உள்ள ஏரிகளிலிருந்து இமயத்துக்கு மேலாகப் பறந்து வரும் வாத்து என்று அந்த நண்பர் விளக்கினார். தெற்கே கூந்தன்குளம் வரைக்கும் போகிறதாம். அப்படியானால் நம் தலைக்கு மேலாகத்தானே போக வேண்டும் என்று மாமா கேட்டார். அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கார்த்திகையிலும் அவர் அதற்காகக் காத்தார். மற்ற வாத்துகள் வந்தன. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் நீர்ப்பிடிப்பின் நடுவில் கறுப்புத் திட்டாக மிதக்கும். மாமா கரைமேல் உட்கார்ந்து, கையை நெற்றியில் குடையாகப் பிடித்து, அந்தத் திட்டில் ஒரு வெள்ளைத் தலை தெரிகிறதா என்று தேடுவார். தொலைநோக்கி அவரிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ராத்திரியில் மேலே வாத்துச் சத்தம் கேட்டால் வெளியே வந்து நிற்பார். நானும் நிற்பேன். இருட்டைத் தவிர எதுவும் தெரியாது. ஆனால் அந்த இருட்டுக்குள் ஏதோ ஒன்று வடக்கிலிருந்து தெற்கே போய்க்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே என்னை மயிர்க்கூச்செறிய வைத்தது. பூகோளப் பாடத்தில் இமயமலை ஒரு கோடு. மாமாவோடு நிற்கும்போது அது ஓர் இரவுப் பயணத்தின் தொடக்கமாக இருந்தது.

சந்தையில் அப்போது உள்ளானும் சிறவியும் காடையும் கௌதாரியும் உயிரோடு விற்பார்கள். கால்களைச் சேர்த்துக் கட்டி, ஒரு குச்சியில் கோத்துத் தூக்கி வருவார்கள். கண்ணியும் வலையும் வைத்துப் பிடிக்கிற ஒரு நரிக்குறவர் பெரியவர் இருந்தார். எந்தப் பறவையின் குரலையும் வாயால் எழுப்புவார். கௌதாரி பதில் சொல்லும். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிச் சந்தையில் யாரும் அப்போது கேள்விப்பட்டிருக்கவில்லை. மாமா அவரிடம் போய் ஒவ்வொரு வாத்தின் காலையும் பார்ப்பார். வளையம் இருக்கிறதா என்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளின் காலில் மெல்லிய உலோக வளையம் மாட்டி விடுகிறது, அதில் எண்ணும் பம்பாய்க்குத் தெரிவிக்கச் சொல்லும் வாசகமும் இருக்கும், எங்கேயாவது கிடைத்தால் எழுதிப்போட வேண்டும் என்று அதே நண்பர்தான் சொல்லியிருந்தார். கோடியக்கரையிலும் பரத்பூரிலும் அந்த வேலை அப்போது பெரிய அளவில் நடந்துகொண்டிருந்தது. மாமாவுக்கு ஒரு வளையமும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவருக்கும் மாமாவுக்கும் இடையே அதனால் ஒரு நட்பு உண்டானது. எந்தப் பறவை எந்த வாரம் வந்தது, எந்த ஓடையில் இறங்கியது, போன வருஷத்தைவிட எண்ணிக்கை எப்படி என்பதை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த இருவர் எங்கள் பக்கத்தில் வேறு இல்லை. ஒருவர் பிடிப்பவர், மற்றவர் எழுதுபவர். சட்டம் ஊருக்குள் வந்து சேர்ந்தபோது குச்சியில் தொங்கிய பறவைகள் மறைந்தன. அது நடந்திருக்க வேண்டியதுதான். அந்தப் பெரியவரும் வேறு பிழைப்புத் தேடிப் போனார். அவருக்குத் தெரிந்ததையெல்லாம் உட்கார்ந்து கேட்டு எழுத யாரும் வரவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. எங்கள் மலைக்கு மேற்கே தெரிகிற சித்தேரிக்கும் சேர்வராயனுக்கும் 1929-இலேயே வெர்னே கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வுக் குழு வந்துபோயிருக்கிறது. அவர்கள் சேகரித்த பறவைகளைப் பற்றி விஸ்லரும் கின்னியரும் எழுதிய அறிக்கை பம்பாய்க் கழகத்தின் இதழில் முப்பதுகளில் தொடராக வந்தது. அறிவியலுக்கு அது பெரிய கொடை; தென்னாட்டுப் பறவைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதைத் தொட்டுத்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் ஒரு பருவத்தில் வந்தார்கள், சுட்டுச் சேகரித்தார்கள், அடுத்த மலைக்குப் போனார்கள். ஒரே கரையில் ஒரே மணிக்கு வருஷம் பூராவும் நடந்த ஒருவர் எழுதிய நோட்டு வேறு மாதிரியானது. முதலாவது நூலகங்களில் பத்திரமாக இருக்கிறது. இரண்டாவதை எடைக்குப் போட்டோம்.

படிப்பு, வேலை என்று நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் வரும்போது ஏதோ ஒன்று குறைந்திருந்தது, அது எது என்று உடனே சொல்லத் தெரியாமல். கம்பும் சோளமும் நின்ற மானாவாரியில் முதலில் கரும்பு வந்தது, பிறகு மரவள்ளி, பிறகு மக்காச்சோளம். பரண்கள் போயின. கரும்பைக் குறை சொல்ல முடியாது. தகைவிலானும் வாலாட்டியும் ராத்திரி தங்குவதற்குக் கரும்புக் கொல்லையைத் தேடிப் போவதைப் பார்த்திருக்கிறேன். விவசாயிக்கும் நாலு காசு வந்தது. ஆனால் கரம்பு என்று ஒரு நிலமே இல்லாமல் போனது. தரிசு என்றால் வீண் என்று நினைக்கப் பழகிவிட்டோம். பூனைப்பருந்து மரத்தில் தங்குகிற பறவை இல்லை. புல்தரையில்தான் இரவைக் கழிக்கும், புல்தரையில்தான் இரை பிடிக்கும். நீர்ப்பிடிப்பின் பின்பக்கத்துச் சேற்று விளிம்பில் வேலிக்கருவை ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர்வேலிகள் போயின. கிளுவை, நொச்சி, கள்ளி, கற்றாழை, அவற்றின்மேல் படர்ந்த பிரண்டையும் கோவையும், அடியில் முழங்கால் ஆழத்துக்குச் சருகு. ஒரு கழனிக்கும் அடுத்த கழனிக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு நீளக் காடு ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டுக் கல்லும் கம்பியும் நட்டபோது யாருக்கும் எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை.

பறவை வருவது நின்றுவிடவில்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய காலத்தில் பறவை இருந்தது, இப்போது இல்லை என்று பேசிவிட்டு எழுந்துபோவது சுலபம். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நீண்டகாலப் போக்கைச் சொல்லும் அளவுக்குத் தகவல் இருந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துவருவதாகச் சொல்கிறது. தொலைவிலிருந்து வலசை வருபவை இங்கேயே வாழ்பவற்றைவிட வேகமாகக் குறைகின்றன. அந்த எண்ணிக்கை என்னைத் தூங்கவிடாது. ஆனாலும் ஐப்பசியில் காற்று திரும்பியதும் ராத்திரி வானத்தில் அவை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வந்து இறங்க இடம் தேடுகின்றன. மாமா எழுதிய பறவைகளில் பெரும்பாலானவற்றை இன்றும் ஊரைச் சுற்றி எங்காவது ஒரு மூலையில் பார்க்கிறேன். அவர் ஐம்பது எழுதிய இடத்தில் இரண்டு, கூட்டம் என்று எழுதிய இடத்தில் ஒன்று. அன்றைக்குச் சாதாரணமாக இருந்ததெல்லாம் இன்றைக்கு அரிய பறவை.

வரித்தலை வாத்தை நான் கடைசியில் பார்த்தேன், கூந்தன்குளத்தில். மாமா அப்போது இல்லை. தை மாத வெயிலில் சேற்றுத் திட்டின்மேல் நூற்றுக்கும் மேல் நின்றன. பின்னந்தலையில் இரண்டு வரிகளும் தெளிவாகத் தெரிந்தன. செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்தவர்கள் இந்த வாத்து 7,290 மீட்டர் உயரம் வரை பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டப்பட்டவை தென்னிந்திய ஏரிகளில் தென்பட்டிருக்கின்றன. மாமா தேடிய வளையத்தின் இன்றைய வடிவம் அது. வீட்டுக் கூரைக்கு மேலே நாரைகள் கூடு கட்டியிருக்கும் அந்த ஊரில், பறவைகளுக்காகச் சத்தத்தை அடக்கிக்கொண்டு வாழ்கிறார்கள். சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியிலும் அப்படித்தான். தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பதை அந்த ஊரார் பல காலமாக ஒரு மரியாதையாகக் காத்துவருகிறார்கள். எங்கள் அணையும் அப்படி ஆகியிருக்கலாம். ஆசை அவருக்கு இருந்தது, இடமும் இருந்தது.

இப்போது ஊருக்குப் போனால் எனக்குத் துணை வருவது தம்பி பேத்தி. பத்தாவது படிக்கிறாள். ஜெகநாதனும் ஆசையும் எழுதி 2013-இல் க்ரியா வெளியிட்ட பறவைகள் கையேடு அவளிடம் இருக்கிறது. மாமா ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் பார்த்ததை அவள் தமிழிலேயே படிக்கிறாள். பொங்கல் சமயத்தில் பறவைகளைக் கணக்கெடுத்து இணையத்தில் பதிவு செய்கிறார்கள், அதில் அவளும் சேர்ந்திருக்கிறாள். தண்ணீர் எத்தனை அடி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுது என்று சொல்லியிருக்கிறேன். அதற்குக் கட்டம் இல்லையே தாத்தா என்றாள். குறிப்பு என்று ஓர் இடம் இருக்கும், அதில் எழுது என்றேன். எழுதுகிறாள்.

போன ஐப்பசியில் அவள்தான் முதலில் கேட்டாள், இரட்டைச் சீழ்க்கையை. எங்கள் நிலத்தின் வடக்கு எல்லையில் பழைய வேலி கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஓடையோடு ஒட்டியிருப்பதால் யாரும் கை வைக்காமல் விட்ட துண்டு. அதற்குள்ளிருந்துதான் சத்தம் வந்தது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை. கேட்டோம், சருகு புரளும் ஓசையையும் கேட்டோம்.

அந்தத் துண்டையும் எடுத்துவிட வேண்டும் என்று தம்பி மகன் சொல்கிறான். அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. “பன்னி எறங்குது பெரியப்பா. ஒரே ராத்திரியில மரவள்ளி பூரா நோண்டிப் போட்டுடுது. முள்வேலிய வச்சுக்கிட்டு நான் என்னா பண்றது?” என்கிறான். வேலியை வெட்டாமல், அதற்கு உள்பக்கமாக இரண்டு அடி தள்ளிக் கம்பி போட்டால் பன்றியும் வராது, வேலியும் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு அடி நிலம் போகுமே என்றான். அந்த நிலத்துக்கு விளைச்சல் கணக்குப் பார்த்து நானே வருஷா வருஷம் கொடுத்துவிடுகிறேன், கம்பிக்கும் கல்லுக்கும் ஆகும் செலவும் என்னுடையது என்றேன். அறுவடை முடியட்டும், தை பிறந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறான். அடிக்கு என்ன ஆகும் என்று கள்ளக்குறிச்சியில் இரண்டு கடையில் விலை கேட்டுவைத்திருக்கிறேன்.